ஒன்பதாம் எண் குடை

லொரெதானாவின் கட்டிலை வரவேற்பறை ஜன்னலோரம் நகர்த்திப் போட்ட நாளிலிருந்து, அந்த வீட்டின் ஆகஸ்ட் விடுமுறைக்கான ஏற்பாடுகள் அனைத்தும் அந்தக் கட்டிலில்தான் நடைபெற்று வந்தன. முன்பெல்லாம் அவள் எதையும் எழுதி வைத்தவள் அல்லள். எந்தப் பைக்குள் எது, எந்தக் கடையில் எது, எத்தனை மணிக்குப் புறப்பட்டால் மலைக்குடைவுச் சாலையில் நெரிசல் இராது என்பவையெல்லாம் இருபது ஆண்டுகளாக அவள் தலைக்குள்ளேயே பத்திரமாக இருந்தன. இந்த ஆண்டு மட்டும், இளைய மகள் தேயாவின் பழைய கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வரவழைத்து, கணவன் எவாசியோவின் மடியில் வைத்து, "எழுது" என்றாள். தன் கை நடுங்குவதால் சொல்கிறாள் என்று எவாசியோ எண்ணிக்கொண்டான்.

ஏப்ரல் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மதிய உணவு முடிந்து, மூத்தவள் இலாரியா பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டியா? பெரிய துண்டெல்லாம் பச்சைப் பையில. அதைக் கார்ல கடைசியா ஏத்தணும்" என்றாள் லொரெதானா.

"கடைசியா எதுக்கு?"

"இருபது வருஷமா ஏத்துற. இன்னும் எதுக்குன்னு கேக்குற. போய்ச் சேந்த அடுத்த நிமிஷம் உன் பொண்ணுங்க தண்ணியில இருக்கும். துண்டு அடியில மாட்டிக்கிச்சுன்னா, நீதான் வெயில்ல நின்னு மொத்த மூட்டையையும் பிரிச்சுக்கிட்டு, போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு நிப்ப."

சமையலறையிலிருந்து இலாரியாவின் சிரிப்புக் கேட்டது. எவாசியோவும் சிரித்தான். அவன் அலெஸ்ஸாந்திரியா நகரின் ஒரு பள்ளியில் அலுவலகச் செயலாளர். யாராவது அவன் காலை மிதித்தாலும், மிதித்தவரிடம் இவன்தான் மன்னிப்புக் கேட்பான் என்பது அவ்வீட்டின் நெடுநாளைய கேலி.

"ஃபொக்காச்சா ரொட்டி, சந்து முனையில இருக்கிற கடையில மட்டும். சதுக்கத்துல வாங்காத, அது ஊருக்குப் புதுசா வர்றவங்க தலையில கட்டுறது. பத்தரைக்கு முன்னாடி போயிடணும். அதுக்கப்புறம் நடுத்துண்டுதான் மிஞ்சும், தேயா தொடமாட்டா. அவளுக்கு ஓரம் மொறுமொறுன்னு இருக்கணும்."

"பத்தரை" என்று எழுதினான்.

"எட்டாம் நம்பர் அம்மாவுக்கு ஒரு பாட்டில் ஒயின். நம்ம எங்க உக்காந்தாலும் சரி, மறக்காம தேடிப்போய்க் குடுத்திடணும்."

எவாசியோவின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு, வாய் தவறி வந்த சொல்லாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அதையும் எழுதினான்.

செல்லே ஊர்க் கடற்கரையில் தெல்ஃபீனா துறையில் கோடைதோறும் நிழற்குடையும் நாற்காலிகளும் வாடகைக்கு எடுக்கும் குடும்பங்கள் ஒருவரையொருவர் குடை எண்ணால்தான் அறிவார்கள். எட்டாம் எண் அம்மையாரின் மூட்டுவலி, மருமகளுடனான மனத்தாங்கல், வெங்காயத்தை அவர் வதக்கும் விதம் ஆகிய யாவும் லொரெதானாவுக்குத் தெரியும். அவருடைய குடும்பப் பெயர் மட்டும் தெரியாது. கேட்டுக்கொள்வது அங்கே வழக்கமும் இல்லை. ஆகஸ்ட் முதல் தேதி கடலைப் பார்த்து நாற்காலியை விரித்தால், சென்ற ஆண்டு பாதியில் நின்ற பேச்சு அங்கிருந்தே தொடரும்.

குடைகள் ஐந்து வரிசை. புதிதாக வருகிறவர்களுக்குக் கடைசி வரிசையில், குளியல் குழாயின் அருகில்தான் இடம் கிடைக்கும். யாராவது விட்டுக்கொடுத்தால் ஒரு வரிசை முன்னேறலாம். லொரெதானா பன்னிரண்டு கோடைகள் காத்திருந்து, குழாயிலிருந்து கடல்வரை வரிசை வரிசையாக முன்னேறி, எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் முதல் வரிசையின் ஒன்பதாம் எண்ணை அடைந்தாள். அன்று அவள் கணுக்கால்வரை நீரில் நின்றுகொண்டு, குடையைத் திரும்பிப் பார்த்து, "இப்ப நமக்கும் கடலுக்கும் நடுவுல எவன் தலையும் இல்ல" என்று சொன்னதை எவாசியோ அவ்வப்போது நினைத்துக்கொள்வான்.

குடையை வைத்துக்கொள்வதா, விடுவதா என்பதை மார்ச் பத்தொன்பது, சூசையப்பர் திருநாளன்று மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். அந்தத் திருநாளுக்கு ஒன்பது நாள் முன்பு, மருத்துவமனையின் நடைபாதையில், மருத்துவர் எவாசியோவைத் தனியே அழைத்தார். நோயாளியிடம் சொல்லாமல் வீட்டாரிடம் சொல்வதுதான் அங்கே பலரும் கைக்கொள்ளும் முறை. கோடையைப் பற்றி எவாசியோ தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அவர் கண்ணாடியைக் கழற்றி, "ஆகஸ்டை வச்சுத் திட்டம் எதுவும் போடாதீங்க" என்றார். அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு எவாசியோ நன்றி கூறினான்.

அதை அவன் மனைவியிடம் சொல்லவில்லை. மகள்களிடமும் சொல்லவில்லை. ஆனால் சூசையப்பர் திருநாள் நெருங்க நெருங்க, இரண்டாம் வரிசையின் இருபத்து மூன்றாம் எண் குடும்பம் அவன் கண்முன் வந்து நின்றது. கூனேயோ பக்கத்தவர்கள், பத்து ஆண்டுகளாகக் காத்திருப்பவர்கள், சென்ற கோடையில்தான் அவர்களுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பிறர் நின்றுகொண்டிருக்கும் பேருந்தில், பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவனைப்போல் அவன் கூசினான். காலியாகவே நிற்கப்போகும் குடை என்று தெரிந்தும் பிடித்து வைத்திருப்பது நாகரிகமாகுமா? பத்தொன்பதாம் தேதி மாலை, பள்ளி அலுவலகத்தில் எல்லோரும் போன பிறகு, துறையை நடத்தும் நிக்லா அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்து, இந்த ஆண்டு தங்களுக்கு வசதிப்படவில்லை என்றும், குடையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம் என்றும் மிகுந்த பணிவுடன் தெரிவித்தான். இணைப்பைத் துண்டித்த பிறகுதான், தான் விட்டுக்கொடுத்தது குடையை மட்டுமன்று என்பது அவனுக்கு உறைத்தது.

அதற்கடுத்த வாரந்தான் லொரெதானா நோட்டைக் கேட்டாள்.

ஒருநாள் சொல்லிவிடலாம், ஒருநாள் சொல்லிவிடலாம் என்று நாள் கடத்தி, ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது நோட்டில் பதினான்கு பக்கங்கள் நிரம்பியிருந்தன. அவள் போகப்போவதாக நம்பும் இடத்தில் அவளுக்கு நாற்காலி இல்லை. அதை இல்லாமல் ஆக்கியவன் கட்டிலோரம் அமர்ந்து, அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தான். அவள் கடலைப் பார்க்காமல் போவதைக்கூட அவன் தாங்கிக்கொள்வான். தான் அவளை மார்ச்சிலேயே கணக்கிலிருந்து எடுத்துவிட்டதை அவள் அறிந்துகொண்டு போவதை மட்டும் அவனால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

இலாரியா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அம்மா, அந்தத் தாழ்வான நாற்காலியில உக்காந்தா உன்னால எழுந்திரிக்க முடியாதுல்ல. நிக்லாவுக்கு இப்பவே போன் போட்டு, உயரமா ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லட்டுமா?"

எவாசியோ சட்டென்று எழுந்தான். நோட்டு கீழே விழுந்தது. "வேண்டாம். நான் நேர்லயே போறேன். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுட்டுப் போறேன்."

"ஒரு நாற்காலிக்கு மலையைத் தாண்டியா? என்னப்பா நீ?"

"போன்ல கேட்டா மரியாதையா இருக்காது."

இலாரியா தாயைப் பார்த்தாள். லொரெதானா கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நெடுநேரம் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் ஒருவனைப் பார்ப்பதுபோல் இருந்தது. "விடு, போயிட்டு வரட்டும். உங்கப்பா தபால் தலை ஒட்டினாக்கூட அஞ்சல் பெட்டிக்கு நன்றி சொல்லிட்டு வர்ற ஆளு" என்றாள். பிறகு அவனிடம், "வரும்போது ஃபொக்காச்சா. எந்தக் கடைன்னு இப்பத்தான் எழுதியிருக்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் தனியே காரோட்டிச் சென்றான். ஒவ்வொரு மலைக்குடைவிலும், என்ன சொல்லிக் கேட்பது என்று வாக்கியங்களைக் கோத்துப் பார்த்தான். "தங்களுக்குச் சிரமம் தருவதற்கு மன்னிக்க வேண்டும்" என்று தொடங்கியவை எல்லாம் பாதியிலேயே அறுந்துபோயின. கடைசிக் குடைவைத் தாண்டியதும், கீழே கடல் எந்த முன்னறிவிப்பும் இன்றி விரிந்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்த வளைவில் லொரெதானா காரின் கண்ணாடியை இறக்குவாள். அவன் இறக்கவில்லை.

தெல்ஃபீனா துறையில் இன்னும் ஒரு குடையும் நடப்படவில்லை. குளிர்காலப் புயல்கள் கொண்டுவந்து போட்ட மரத்துண்டுகளை ஓரமாகக் குவித்திருந்தார்கள். உடை மாற்றும் மர அறைகளின் கதவுகளுக்கு நிக்லா அம்மையார் தாமே நீலச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். அறுபதைக் கடந்தவர், பேசினால் முணுமுணுப்பு, முணுமுணுத்தால் பாசம் என்று இருப்பவர். இருபது ஆண்டுப் பழக்கத்திலும் அவரும் எவாசியோவும் ஒருவரையொருவர் மரியாதையாகவே விளித்து வந்தார்கள்.

"சிஞ்ஞோர் எவாசியோ" என்றார் அவர், தூரிகையைக் கீழே வைக்காமலே. "ஏப்ரல்லயே வந்துட்டீங்க. குளிக்கவா? தண்ணி பதினாலு டிகிரி. உங்களை மாதிரி பியெமோந்தேக்காரங்க உள்ள எறங்கினா அப்படியே உறைஞ்சு போவாங்க."

"மன்னிக்கணும், சிஞ்ஞோரா நிக்லா. வேலை நேரத்துல வந்து தொந்தரவு பண்றேன்."

"பண்ணியாச்சு. சொல்லுங்க."

அவன் சொன்னான். கோத்துவைத்த வாக்கியம் ஒன்றும் துணைக்கு வரவில்லை. ஒன்பதாம் எண் மறுபடியும் வேண்டும். ஒரே ஒரு கோடைக்கு. இல்லை, கோடை முழுவதும்கூட வேண்டாம், அது தங்கள் பெயரில் இருந்தால் போதும். அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்யத் தயார். நிக்லா அம்மையார் தூரிகையை டப்பாவின் விளிம்பில் மெதுவாக வழித்தார்.

"குடுத்தாச்சுங்க. அன்னிக்குச் சாயங்காலமே இருபத்துமூணுக்குச் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு போன்லயே அழுதுச்சு. பத்து வருஷம். நீங்கதான் விட்டுக் குடுத்தீங்க, நான் கேக்கல."

"தெரியும். நான் அவங்ககிட்டயே பேசிப் பாக்கட்டுமா? அவங்க நம்பர் மட்டும் குடுத்தீங்கன்னா..."

"என்ன சொல்வீங்க?"

அலை ஒன்று வந்து கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு போயிற்று.

"என் மனைவிக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்வேன். ஆகஸ்ட்வரைக்கும் இருக்கமாட்டாள்னு டாக்டர் சொல்லிட்டார். அதனாலதான் விட்டேன். அவளுக்கு அது தெரியாது. அவ பாட்டுக்கு உக்காந்து திட்டம் போட்டுக்கிட்டிருக்கா, சிஞ்ஞோரா. துண்டு, ரொட்டி, ஒயின் எல்லாம் சொல்றா. நான் எழுதிக்கிறேன். குடை இல்லைன்னு தெரிஞ்சா, நான் அவளை முன்னாடியே..." அவன் கூழாங்கற்களைப் பார்த்தான். "காலியா வச்சிருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

"உங்க மரியாதையில தீயை வைக்க" என்றார் நிக்லா. குரலில் ஏசலின் காரம் இல்லை. டப்பாவை மூடினார். மேலங்கியில் கையைத் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் வாக்குக் குடுத்திருக்கேன், சொல்லமாட்டேன்னு. எங்கப்பா காலத்துல இருந்து இந்தத் துறையில யார் பேச்சும் இன்னொரு குடைக்குப் போனதில்ல. ஆனா நீங்க இப்படி நிக்கிறதைப் பாத்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியல. உங்க வீட்டம்மாவுக்குத் தெரியும்."

"எது?"

"எல்லாம். சூசையப்பர் திருநாள் முடிஞ்சு ஒரு வாரத்துல போன் பண்ணாங்க. உயரமான நாற்காலி ஒண்ணு வேணும்னு. உங்க வீட்டுல பேசித்தான் விட்டிருப்பீங்கன்னு நான் நெனச்சுட்டேன். 'ஒன்பது போயிடுச்சே, சிஞ்ஞோரா, உங்க வீட்டுக்காரரு விட்டுட்டாரே'ன்னு சொல்லிட்டேன். அப்புறம் சொன்னாங்க, 'அப்ப அவனுக்கும் தெரியும்'னு."

எவாசியோ அருகிலிருந்த படியில் அமர்ந்தான். படியில் நீலச் சாயம் ஈரமாக இருந்தது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

"அவனுக்கும்" என்றான் அவன்.

"டாக்டருங்க பேசுறதை விட, பேசாம இருக்கிறதுதான் நல்லாப் புரியுதுன்னாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு மாசமா யோசிச்சுக்கிட்டிருந்தாங்களாம். நீங்க நம்பிக்கையா இருக்கீங்க, கெடுக்க வேண்டாம்னு. 'நான் போன் பண்ணினதை அவன்கிட்ட சொல்லாதீங்க, சொன்னா மன்னிப்புக் கேட்டுக் கேட்டே எனக்கு முன்னாடி போயிடுவான்'னு சொன்னாங்க. சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல."

காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசியது. நிக்லா அம்மையார் தொடர்ந்தார்.

"ஒன்பதுல யார் வர்றாங்கன்னு கேட்டாங்க. குழந்தையோட இருபத்துமூணுன்னு சொன்னதும், எழுதிக்கச் சொன்னாங்க. நாலு மணிக்கு மேல இடது பக்கம் காத்து அடிக்கும், குழந்தை இருக்கிறதால அந்தப் பக்கம் துணி கட்டணுமாம். கம்பம் நடுற குழி கொஞ்சம் சாஞ்சிருக்கு, ஒரு கல்லு முட்டுக் குடுக்கணுமாம். முப்பது வருஷமா நடத்துறேன், எனக்கே தெரியாது. அப்புறம், கடைசி வரிசையில ஏதாவது இருந்தா உங்க பேர்ல போட்டு வைக்கச் சொன்னாங்க."

அவர் அறைக்குள் சென்று, நீளமான பதிவேட்டைக் கொண்டுவந்து அவன் முழங்காலின் மேல் விரித்தார். அறுபத்தொன்று. ஐந்தாம் வரிசை, குழாயருகில். எவாசியோவின் பெயர் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. நாற்காலிகளுக்கான கட்டத்தில் ஓர் எண்ணை அழித்துவிட்டு மூன்று என்று எழுதியிருந்தது.

"நான் பழக்கத்துல நாலுன்னு எழுதிட்டேன்" என்றார் நிக்லா, கடலைப் பார்த்துக்கொண்டு. "மூணு போதும்னாங்க."

எவாசியோ அந்த அழித்த இடத்தில் விரலை வைத்தான். தாள் அவ்விடத்தில் மட்டும் சற்று மெலிந்திருந்தது. பச்சைப் பை கடைசியில் ஏற்றப்பட வேண்டும். சந்து முனைக் கடை, பத்தரை மணி. தேயாவுக்கு ஓரம். எங்கு உட்கார்ந்தாலும் எட்டாம் எண் அம்மையாருக்கு ஒயின். பதினான்கு பக்கங்களும் அவனுடைய கையெழுத்தில், அவன் மடியில் வைத்து, ஒரு முறைக்கு இரு முறை கேட்டு எழுதியவை. அவற்றில் ஓரிடத்திலும் அவளுக்கென்று ஒரு துணியோ, செருப்போ, தொப்பியோ இல்லை. இத்தனை நாளும் அதை அவன் கவனிக்கவே இல்லை.

அவன் அழுதான். சத்தமின்றி, தோள்கள் மட்டும் குலுங்க, ஒருவருக்கும் இடைஞ்சல் தராதவாறு அழுதான். நிக்லா அம்மையார் டப்பாவை மறுபடியும் திறந்து, ஏற்கெனவே பூசி முடித்த கதவை இன்னொரு முறை பூசினார்.

பிறகு அவன், "பென்சில் இருக்கா?" என்று கேட்டான்.

"எதுக்கு?"

"நாலுன்னு போடுங்க."

"சிஞ்ஞோர் எவாசியோ, அறுபத்தொண்ணுல நாலு நாற்காலி கொள்ளாது. ஒண்ணு குழாய்க்கு அடியில போயிடும்."

"போகட்டும்."

அவர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். வாங்கியும் காலியாகவே இருக்கப்போகும் ஒன்றை இவன் முதன்முறையாகக் கேட்கிறான் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மூன்றை அழிக்காமல், அதன்மேலேயே அழுத்தி நான்கு என்று எழுதினார்.

சந்து முனைக் கடைக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை ஆகிவிட்டது. ஓரத்துண்டு ஒன்றும் இல்லை. எஞ்சியிருந்த நடுத்துண்டுகளை எண்ணெய்த் தாளில் சுற்றித் தந்தார்கள். திரும்பும் வழியில், கடல் கடைசியாகத் தெரியும் அந்த வளைவில், அவன் கண்ணாடியை இறக்கினான்.

வீட்டில் மகள்கள் இருவரும் இன்னும் திரும்பியிருக்கவில்லை. பிற்பகல் வெயில் கட்டிலின் பாதிவரை வந்திருந்தது. லொரெதானா கண்ணை மூடியிருந்தாள். தாள் சரசரக்கும் ஒலி கேட்டுத் திறந்தாள். அவனுடைய கால்சட்டையின் பின்புறம் அப்பியிருந்த நீலச் சாயத்தை, அவன் திரும்பியபோது பார்த்தாள். ஒரு துண்டை வாங்கி முகத்தருகே பிடித்து, எண்ணெயின் மணத்தை நெடுநேரம் முகர்ந்தாள். சாப்பிடவில்லை.

"நாற்காலி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"எத்தனை?"

"நாலு" என்றான் எவாசியோ.

அவள் ரொட்டித் துண்டைத் தாளின்மேல் வைத்தாள். விரல்நுனியில் ஒட்டியிருந்த உப்புக்கற்களைப் பார்த்தாள்.

"நாலு போட்டா இடம் பத்தாதே" என்றாள்.

"குழாய்ப் பக்கம் நான் உக்காந்துக்கறேன்."

"உனக்கு முழங்கால்ல ஈரம் ஆகாது."

"ஆகாதுதான்."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, அவள் கையை எடுத்துத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டான். அந்தக் கை எண்ணெயும் உப்புமாக இருந்தது.

"லோரி, நான் அன்னிக்கு..."

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, நோட்டாலயே அடிப்பேன்."

அவன் அந்தச் சொல்லை விழுங்கினான். இத்தனை ஆண்டுகளில் அதை அவன் விழுங்கியது அதுவே முதல் முறை. அவள் திரும்பினாள். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் அவள் பார்வை எண்ணெய்த் தாளின்மேல் இருந்தது.

"எத்தனை மணிக்குப் போன கடைக்கு?"

"பதினொன்றரை."

"அத்தனையும் நடுத்துண்டு. தேயா வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கப் போறா. பத்தரைக்கு முன்னாடின்னு சொன்னேனா இல்லையா? நோட்டை எடு. கடைசிப் பக்கம். அதுக்குக் கீழ ஒரு கோடு போடு."

எவாசியோ நோட்டை எடுத்து கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். பத்தரை என்று தன் கையெழுத்தில் இருந்த சொல்லின் கீழே பேனாவை வைத்து இழுத்தான். கோடு கட்டங்களைத் தாண்டிக் கோணலாகப் போயிற்று.

"இன்னொண்ணு" என்றாள் லொரெதானா.

அவன் இன்னொரு கோடு போட்டான்.